ஃபார்மேட் அடிக்கும் முன்: டிரைவர் கோளாறால் நின்றுபோகும் கணினியைச் சரிசெய்வது எப்படி?

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் சித்தி மகள் ஃபோன் செய்தாள். "அண்ணா, லேப்டாப்பை மூடி வெச்சிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து திறந்தா நீலமா ஒரு ஸ்கிரீன், சோகமா ஒரு மூஞ்சி. அப்புறம் தானாவே ரீஸ்டார்ட் ஆகுது. மூணு நாளா இதே கதைதான்." பக்கத்துக் கடைக்கு எடுத்துப்போயிருக்கிறாள். அவர் ஆன் செய்துகூடப் பார்க்கவில்லையாம். "ஓஎஸ் கரப்ட் ஆயிருக்கும்மா, ஃபார்மேட் அடிச்சிடலாம், 800 ரூபா" என்றாராம்.

"மூணு நாளைக்கு முன்னாடி என்ன மாத்தின?" என்று கேட்டேன். "ஒண்ணுமே மாத்தலண்ணா" என்றாள். எல்லோரும் சொல்லும் பதில்தான் இது. அவள் பொய் சொல்லவில்லை. மாற்றியது விண்டோஸ் அப்டேட். அவளுக்குத் தெரியாமல் வைஃபை கார்டுக்குப் புது டிரைவர் ஒன்றைப் போட்டிருந்தது.

ஃபார்மேட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு நாள் நன்றாக ஓடியிருக்கும். அதற்குள் அதே அப்டேட் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்திருக்கும், திரும்ப நீலத் திரை. 800 ரூபாயும் போய், பழைய படங்களும் போயிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். மெனுக்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், அவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் திரையில் எது என்று பிடிபட்டுவிடும்.

ஒரு சின்ன டிரைவர் எப்படி மொத்தக் கணினியையும் சாய்க்கிறது?

டிரைவர் என்பது வன்பொருளுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நிற்கும் ஒரு சிறு மென்பொருள். வைஃபை, கிராஃபிக்ஸ், ஒலி, டச்பேட், பிரின்டர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உண்டு.

குரோம் முடங்கினால் குரோம் மட்டும் மூடிக்கொள்கிறது. வைஃபை டிரைவர் முடங்கினால் ஏன் கணினியே நிற்கிறது? இருவரும் வேலை செய்யும் இடம் வேறு. குரோம், வேர்டு எல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள். அங்கே ஒருவர் தடுக்கி விழுந்தால் வீட்டுக்குள் ஒன்றும் ஆகாது. டிரைவர்களில் பல, கெர்னல் என்கிற உள்ளறையில், மெயின் போர்டைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்பவை. அங்கே ஒருவர் தொடக்கூடாத வயரைத் தொட்டால் விண்டோஸ் உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிடும். அதுதான் நீலத் திரை. பார்க்கப் பயமாக இருந்தாலும், வட்டில் இருப்பது பாழாகக் கூடாது என்று விண்டோஸ் தானே எடுக்கும் முடிவு அது.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சிறு அப்டேட் கோப்பைப் படிக்கும்போது, அதன் டிரைவர் தனக்கு ஒதுக்காத நினைவகப் பகுதியை எட்டிப் பார்த்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அன்று உலகமெங்கும் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடு என்கிற, மிக அவசியமான டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலையில் நுழைந்து, அந்த ஒரு கோப்பை அழித்து, ரீஸ்டார்ட் செய்வது. ஃபார்மேட் அல்ல. நம் வீட்டு லேப்டாப்புக்கும் வழி ஏறக்குறைய அதேதான்: கடைசியாக உள்ளே வந்தது எது என்று பார்த்து, அதை வெளியே அனுப்புவது.

1. திரையைப் படம் எடுங்கள்

நீலத் திரை வந்ததும் பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். ஃபோனில் ஒரு படம் எடுங்கள். 2025 நடுவிலிருந்து விண்டோஸ் 11-இல் இது கருப்புத் திரையாகிவிட்டது. சோக முகமும் இல்லை, கியூஆர் கோடும் இல்லை. ஆனால் கீழே 'ஸ்டாப் கோடு' என்று, எந்த வகைக் கோளாறு என்பதைச் சொல்லும் ஒரு வரி இருக்கும். சில சமயம் அதையொட்டி 'வாட் ஃபெயில்ட்' என்று ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். நமக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

படிப்பதற்குள் மறைந்துவிடுகிறதா? ஸ்டார்ட் மெனுவில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். 'ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி' பகுதியில் 'செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்தி, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீங்களாக அணைக்கும்வரை திரை அப்படியே நிற்கும்.

டிரைவர் மேல் சந்தேகம் எழுப்பும் சில ஸ்டாப் கோடுகள்:

'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்': நினைவகத்தைத் தொடக்கூடாத நேரத்தில் தொட்டிருக்கிறது. நெட்வொர்க் டிரைவர்களில் அடிக்கடி பார்ப்பது.

'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்': தூங்கப் போகும்போதோ எழும்போதோ ஏதோ ஒரு சாதனம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூடித் திறந்தால் மட்டும் விழும் லேப்டாப்பில் பெரும்பாலும் இதுதான். தங்கை அனுப்பிய படத்திலும் இதுவே இருந்தது.

'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்': கிராஃபிக்ஸ் டிரைவர். கிராஃபிக்ஸ் சிப் சுமார் 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பிப் பார்க்கும். எழவில்லை என்றால் இந்தத் திரை.

'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்': விண்டோஸ் இருக்கும் வட்டையே விண்டோஸால் படிக்க முடியவில்லை. யாராவது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) சேமிப்பக முறையை ரெய்டு, விஎம்டி, ஏஎச்சிஐ என்று மாற்றியிருந்தால் இப்படி வரும். முன்பு இருந்தபடியே திருப்பி வைத்தாலே போதும். இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவப் போனால் வட்டே காட்டாது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். அதற்கு வேண்டியது இன்டெலின் சேமிப்பக டிரைவர் மட்டும். அதை ஒரு பென்டிரைவில் வைத்து, நிறுவும் திரையிலேயே 'லோடு டிரைவர்' கொடுத்தால் வட்டு தெரியும்.

'வாட் ஃபெயில்ட்' வரியில் கோப்புப் பெயர் இருந்தால் அதன் முதல் எழுத்துகளே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 'என்வி' என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா. 'ஏஎம்டி' என்றால் சொல்லவே வேண்டாம். 'ஐஜிடி' என்றால் இன்டெல் கிராஃபிக்ஸ், 'ஆர்டி' என்றால் அநேகமாக ரியல்டெக், 'நெட்' என்பதை அடுத்து 'டபிள்யூ டி டபிள்யூ' வந்தால் இன்டெல் வைஃபை. 'என்டிஓஎஸ்கேஆர்என்எல்' என்று வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். அது விண்டோஸின் கெர்னல். விபத்து நடந்த வீட்டின் சொந்தக்காரர் என்பதற்காக அவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது.

2. என்ன மாறியது என்று பாருங்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. என் கணக்கில் விண்டோஸில் அதிகம் பயன்படும், குறைவாகப் பேசப்படும் பக்கம் இது. ஒரு நாளுக்கு ஒரு கட்டமாக வரைபடம் இருக்கும். விழுந்த நாள்களில் சிவப்புப் பெருக்கல் குறி. முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய ஓரிரு நாள் கட்டங்களைச் சொடுக்கி, கீழே என்ன நிறுவப்பட்டது என்று பாருங்கள்.

அடுத்து செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', 'அப்டேட் ஹிஸ்டரி' போய் 'டிரைவர் அப்டேட்ஸ்' பட்டியலைத் திறங்கள். தேதியோடு இருக்கும். தங்கையின் கணினியில் முதல் சிவப்புக் குறி வியாழன், வைஃபை டிரைவர் வந்தது புதன் இரவு. இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது?

அப்டேட் எதுவும் இல்லையென்றால் உங்கள் கையைப் பாருங்கள். புதிதாக வாங்கிய யூஎஸ்பி வைஃபை, பழைய பிரின்டரின் சிடி, விளையாட்டுக்காகப் போட்ட கிராஃபிக்ஸ் அப்டேட், இரண்டாவதாகப் போட்ட ஆன்டிவைரஸ், விபிஎன். கடைசி இரண்டும் டிரைவரா என்று கேட்காதீர்கள். அவையும் உள்ளறைக்குள் தங்கள் டிரைவரை வைப்பவைதான்.

3. சேஃப் மோடு

கணினி விண்டோஸுக்குள் போய்ப் பத்து நிமிடமாவது விழாமல் ஓடுகிறது என்றால் இந்தப் படியைத் தாண்டி நான்காவதுக்குப் போய்விடலாம்.

அதற்குள் விழுந்துவிடுகிறது என்றால் சேஃப் மோடு. மிக அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் வரும் நிலை இது. திரை கொஞ்சம் அசிங்கமாக, எழுத்துகள் பெரிதாகத் தெரியும். கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை என்பதுதான் காரணம், பயப்பட வேண்டாம்.

உள்ளே போக முடிகிறவர்கள் பவர் மெனுவில் 'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். போகவே முடியாதவர்கள், கணினி ஆனாகி லோகோ வரும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸே 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' பக்கத்தைக் கொண்டுவரும். இரண்டு வழியிலும் அதற்குப் பிறகு 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்'. வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு, 5 என்றால் இணையத்தோடு சேஃப் மோடு. எஃப்8 அழுத்துவதெல்லாம் விண்டோஸ் 7 காலத்துப் பழக்கம், இப்போது வேலைக்கு ஆகாது.

இங்கே ஒரு தடை வரலாம். இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே வட்டு, பிட்லாக்கர் என்கிற விண்டோஸின் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். உங்கள் ஃபோனில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்தால், பெரும்பாலும் அந்தக் கணினியின் பெயருக்குக் கீழே அந்த எண் இருக்கும். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவில்தான் கேட்க வேண்டும். கணினி நன்றாக இருக்கும்போதே இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். லேப்டாப் பைக்குள்ளேயே வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

4. டிவைஸ் மேனேஜர்: புதிதாகப் போடாதீர்கள், பழையதற்குப் போங்கள்

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். மஞ்சள் முக்கோணம் எங்காவது இருந்தால் முதலில் அங்கே இரண்டு முறை கிளிக் செய்து, 'டிவைஸ் ஸ்டேட்டஸ்' பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனம் தொடங்க மறுக்கிறது. 43 என்றால் சாதனம் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. 52 என்றால் டிரைவரின் கையொப்பம், அதாவது அது நம்பத்தக்க இடத்திலிருந்து வந்தது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை, சரியில்லை. 52 வரும் டிரைவரை, கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு எப்படியாவது ஏற்று என்று சொல்லும் காணொளிகள் நிறைய உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மஞ்சள் முக்கோணம் இல்லை என்பதால் டிரைவர் நல்லவர் என்று அர்த்தமில்லை. தங்கையின் வைஃபைக்கு மஞ்சள் குறி எதுவும் இல்லை. இணையம் நன்றாகவே வேலை செய்தது. தூங்கி எழும்போது மட்டும்தான் காலை வாரியது.

சந்தேகப்படும் சாதனத்தைத் திறந்து 'டிரைவர்' பகுதிக்குப் போங்கள். 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் அழுத்த முடிகிற நிலையில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அழுத்துங்கள், காரணம் கேட்டால் எதையாவது தேர்ந்தெடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பலரும் இங்கே கைவிட்டுவிடுகிறார்கள். இன்னொரு வாசல் இருக்கிறது. 'அப்டேட் டிரைவர்', அதில் 'பிரௌஸ் மை கம்ப்யூட்டர் ஃபார் டிரைவர்ஸ்', அதற்குள் 'லெட் மீ பிக் ஃப்ரம் எ லிஸ்ட்'. அந்தச் சாதனத்துக்குப் பொருந்தும் என்று விண்டோஸ் சேர்த்துவைத்திருக்கும் டிரைவர்களெல்லாம் பதிப்பு எண்ணோடு வரிசையாக வரும். அப்டேட் என்று பெயர் இருந்தாலும் இங்கே பழையதையும் எடுக்கலாம். தங்கைக்கு ரோல் பேக் மங்கலாகத்தான் இருந்தது. இந்தப் பட்டியலில் இரண்டு பதிப்புகள் நின்றன. பழையதைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுக்கச் சொன்னேன். ஃபோனில் பேசிக்கொண்டே நான்கு நிமிடம்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்'. அப்போது வரும் சிறு பெட்டியில் 'அட்டெம்ப்ட் டு ரிமூவ் தி டிரைவர்' என்றோ 'டெலீட் தி டிரைவர் சாஃப்ட்வேர்' என்றோ ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடுவது முக்கியம். போடாவிட்டால் விண்டோஸ் தன் கிடங்கில் இருக்கும் அதே டிரைவரை ரீஸ்டார்ட் ஆனதும் எடுத்து மாட்டிவிடும். "அழிச்சேன் சார், திரும்ப வந்துடுச்சு" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த டிக்தான் காரணம்.

இரண்டு எச்சரிக்கை. 'ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்', 'சிஸ்டம் டிவைசஸ்' இரண்டின் கீழே இருப்பவற்றில் இந்த அழிக்கும் வேலையைச் செய்யாதீர்கள். அப்புறம், வைஃபை டிரைவரை அழிப்பதற்கு முன்னால் புதியதைப் பதிவிறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெத்தரிங்' ஆன் செய்யுங்கள். அதற்கு வைஃபை டிரைவர் தேவையில்லை.

5. சரியான டிரைவர் எது?

பழையதற்குப் போயும் தீரவில்லை, அல்லது பழையது என்று ஒன்றே இல்லை. அப்போதுதான் புதியதைத் தேட வேண்டும். தவறு நடப்பதும் இங்கேதான் அதிகம்.

முதலில் எங்கே தேடக்கூடாது என்று சொல்கிறேன். "உங்கள் கணினியில் இத்தனை டிரைவர்கள் பழசு, ஒரே கிளிக்கில் புதுப்பிக்கலாம்" என்று மிரட்டும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். பழசு என்பது ஒரு நோய் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிரைவரை எடுத்துவிட்டு, பொதுவான புதியது ஒன்றைத் திணிப்பதுதான் இவை செய்யும் உதவி. நீலத் திரையோடு என்னிடம் வந்த சில கணினிகளில் நான் செய்த முதல் வேலையே இதை நீக்கியதுதான்.

லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளம்தான் முதல் இடம். அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். மாடல் பெயரை மட்டும் கொடுத்தால் சிக்கல் வரும். ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு இன்டெல் வைஃபை, இன்னொன்றுக்கு ரியல்டெக், வேறொன்றுக்கு மீடியாடெக் என்று போட்டு விற்பார்கள். தளத்தில் மூன்றுக்கும் டிரைவர் வரிசையாக இருக்கும். உங்களுடையது எது?

டிவைஸ் மேனேஜரில் சாதனத்தைத் திறந்து 'டீடெயில்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். நீளமான வரி ஒன்று வரும். அதில் 'வென்' என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரின் அடையாளம். 8086 என்றால் இன்டெல். 1978-இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டுவிட்டார்கள். 1002 என்றால் ஏஎம்டி கிராஃபிக்ஸ், 10டிஇ என்றால் என்விடியா, 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி குவால்காம் ஏதெராஸ். அடுத்து 'டெவ்' என்பதோடு வரும் நான்கு எழுத்துகள் எந்தச் சாதனம் என்பதைச் சொல்லும். 'அன்னோன் டிவைஸ்' என்று பெயரே தெரியாமல் நிற்கும் சாதனத்தையும் இந்த வரியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

தேதியைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். டிரைவர் தேதி 2006 ஜூன் 21 என்று இருந்தால், ஐயோ இவ்வளவு பழசா என்று பதறுவார்கள். விண்டோஸோடு கூடவே வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தத் தேதியைப் போடுகிறது. தயாரிப்பாளர் தரும் டிரைவர் எப்போதும் அதைவிடப் புதியதாகத் தெரிய வேண்டும், அதற்கே முதலிடம் கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். இன்டெல் ஒரு படி மேலே போய்த் தன் சிப்செட் டிரைவர்களுக்கு 1968 ஜூலை 18 என்று போடுகிறது. அது அந்த நிறுவனம் பிறந்த நாள். அதனால் தேதியை விட்டுவிட்டுப் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

அசெம்பிள் செய்த கணினி என்றால் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் சிப்செட், ஒலி, நெட்வொர்க் மூன்றையும் எடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் நேராக என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களுக்கே போகலாம். அந்தப் பக்கத்தில் பயாஸ் அப்டேட்டும் கண்ணில் படும். கணினி அடிக்கடி விழுந்துகொண்டிருக்கும்போது அதில் கை வைக்காதீர்கள். பாதியில் நின்றால் மதர்போர்டே போய்விடும். கரன்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் யூபிஎஸ் இல்லாமல் அதை எப்போதுமே செய்யாதீர்கள்.

6. கிராஃபிக்ஸ் டிரைவர் தனிக் கதை

கிராஃபிக்ஸ் டிரைவர் அளவில் பெரியது, அடிக்கடி மாறுவது, அழித்தாலும் மிச்சம் மீதி வைத்துவிட்டுப் போவது. பழைய கார்டை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் கார்டு போட்டவர்களுக்கு இந்த மிச்சமே தலைவலி. இதற்கென்றே 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, சுருக்கமாக டிடியூ. புது டிரைவரை முதலிலேயே பதிவிறக்கி வையுங்கள். அப்புறம் இணையத்தைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் டிடியூவை ஓட்டி, ரீஸ்டார்ட் ஆனதும் அந்த டிரைவரை நிறுவுங்கள். இணையத்தைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் நிறுவுவதற்குள் விண்டோஸ் அப்டேட் முந்திக்கொண்டு தன்னிடம் இருப்பதைப் போட்டுவிடும்.

திரை கருப்பாகி உறைந்து நின்றால், பவர் பட்டனுக்குப் போவதற்கு முன் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (ஏ, பி, சி-யில் வரும் பி) நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை ஒருமுறை சிமிட்டி உயிர் வந்தால், குற்றவாளி யார் என்பதும் தெரிந்துவிடும்.

7. துரத்தியது திரும்ப வராமல்

பழைய டிரைவருக்குப் போன கையோடு 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் 'பாஸ்' கொடுத்துச் சில வாரம் நிறுத்துங்கள். அதற்குள் தயாரிப்பாளர் திருத்திய பதிப்பைத் தந்துவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் 'சேஞ்ச் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' தேடி 'நோ' தேர்ந்தெடுங்கள். பாதுகாப்பு அப்டேட்களை மாதக்கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள், அது வேறு வினை. அதே அப்டேட் பக்கத்தில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்பதற்குள் டிரைவர்கள் வரிசையாகக் காத்திருக்கும். எல்லாம் நன்றாக ஓடும்போது அவற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

8. ஆள் யார் என்றே தெரியவில்லை என்றால்

விழும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் ஒரு சின்னக் குறிப்பு எழுதிவைக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தில் இருக்கும். நிர்சாஃப்ட் தரும் 'புளூஸ்கிரீன்வியூ' என்ற இலவசக் கருவியில் திறந்தால், எந்த டிரைவர் மேல் சந்தேகம் என்று ஒரு நெடுவரிசையில் காட்டும். ஒரே ஒரு குறிப்பை நம்பாதீர்கள். மூன்று நான்கில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நம்பலாம். இன்னும் ஆழமாகப் போக மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'விண்டிபிஜி' கிடைக்கிறது, ஆனால் அதைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

'டிரைவர் வெரிஃபையர்' என்று ஒன்றைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். டிரைவர்களை வேண்டுமென்றே கசக்கிப் பிழிந்து, தப்பு செய்பவரை உடனே விழவைக்கும் கருவி அது. ஆன் செய்துவிட்டு அணைக்கத் தெரியாமல், கணினி பூட் ஆகவே மாட்டேன் என்கிற நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புதியவர்களுக்கு என் ஆலோசனை: வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் ஸ்டாப் கோடும் கோப்புப் பெயரும் வேறு வேறாக வந்தால் டிரைவரை விட்டுவிட்டு ரேமைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓட்டிப் பாருங்கள். 'டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்' என்று வந்தால் அது பெரும்பாலும் வன்பொருள் கோளாறு. சேஃப் மோடிலும் விழுகிறது என்றாலும் அப்படித்தான் நினைக்க வேண்டும். இந்த இடத்தில் கடைக்குப் போவதில் தவறில்லை. போகும்போது நீங்கள் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள்.

9. சரியானதா என்று எப்படித் தெரியும்?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். வைஃபை, ஒலி, கிராஃபிக்ஸ் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, கணினி விழுந்தால் எதனால் விழுந்தது, விழாவிட்டால் எதனால் விழவில்லை என்று யாருக்கும் தெரியாது. மாற்றிய பிறகு, முன்பு எப்போது விழுந்ததோ அதே சூழ்நிலையை நீங்களே உருவாக்குங்கள். விளையாட்டில் விழுந்ததென்றால் அதே விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிரின்ட் கொடுத்தபோது என்றால் பத்துப் பக்கம் எடுங்கள். முடிந்ததும் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' தேடித் திறந்து, சி டிரைவுக்குப் பாதுகாப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, பின்னால் சிக்கல் வந்தால் இன்றைய நிலைக்கே திரும்பிப் போக ஒரு புள்ளி உருவாக்கி வையுங்கள். பல கணினிகளில் அந்தப் பாதுகாப்பு அணைந்தேதான் கிடக்கும்.

தங்கையிடம் அன்றைக்குப் பத்து முறை மூடித் திறக்கச் சொன்னேன், ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் விட்டு. ஏழாவது முறை ஃபோன் வந்தது. "அண்ணா, இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. இன்னும் மூணு தடவை மூடணுமா?" மூடு என்றேன்.